வேலூர்க் காருக்கு இன்னும் வார்த்தை கொடுக்காதே

ஏழுமலைக்கு அம்மா எழுதுவது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இந்த ஒரு வரியைப் படி. சரோஜா காபி கொண்டுவந்தால் வாங்கிக் குடித்துவிட்டு மீதியை நிதானமாகப் படித்துக்கொள். நீ வாங்கி வாடகைக்கு ஓட்டப் போகிறேன் என்கிற அந்தக் காருக்கு இன்னும் வார்த்தை கொடுக்காதே. ஆபீசில் ராஜினாமாவும் எழுதிக் கொடுக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று காரை விற்கிறவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். போனால் போகட்டுமே! பழைய கார் ஊரெல்லாம் கிடைக்கும். சர்க்கார் உத்தியோகத்தைக் கையிலிருந்து விட்டால் பிறகு யார் காலைப் பிடித்தாலும் திரும்பி வராது.

உன் கடிதத்தை நேற்று மத்தியானம் உங்கப்பா சாப்பிடும்போது படித்துக் காட்டினேன். மாரியம்மனுக்குக் காப்பு கட்டியாகிவிட்டது. இந்த வருஷமும் கரகம் அவர் தலையில்தான். மஞ்சள் கயிறு கையில் ஏறியதிலிருந்து அவர் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது, செருப்பு போடக் கூடாது, ஒரு வேளைதான் சோறு, அதுவும் தாளிக்காத குழம்பு. என்னைப் போலக் கயிறு கட்டாதவர்கள் வெளியூர் போகலாம், ஆனால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். காப்பு அவிழ்ப்பது அடுத்த வாரம். நீயோ வெள்ளிக்கிழமை என்கிறாய். கடிதத்தைக் கேட்டதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். எல்லைக்கல் வரைக்கும் போய் ரோட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். இன்று காலையிலிருந்து அதே வேலைதான். முளைக்குச்சியில் கட்டிய மாடு கயிறு போகிற மட்டும் போய்ப் போய்த் திரும்புமே, அப்படித்தான் இருக்கிறது பார்க்க. எனக்கே மூச்சு முட்டுகிறது.

இப்போது எதிரில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்ல, நான் எழுதுகிறேன். அதாவது, அவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தானே போட வரும். "எழுதுடி. வண்டிய இங்க ஓட்டியாரச் சொல்லு. எல்லைக்கல்லாண்ட நிறுத்தச் சொல்லு. நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்னு எழுது" என்றார். "எழுதுறேங்க" என்றேன். நான் எழுதுவதோ, அந்த வண்டியை இங்கே கொண்டுவராதே என்று. "நான் சொன்னது நாலு வார்த்தை. நீ இன்னா பக்கம் பக்கமா எழுதிக்கினு இருக்க?" என்று கேட்கிறார். மருமகள் சரோஜாவை நாலு வார்த்தை விசாரிக்க வேண்டாமா என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன். பாவம், அதற்குமேல் கேட்கத் தெரியாத மனுஷன்.

ஏன் கொண்டுவரக் கூடாது என்று கேட்பாய். நம் வீட்டுக் கறுப்பு வண்டி எப்படி வந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. அப்போது நீ சின்னப் பையன். வண்டி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாய், அதுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கப்பா அன்றைக்கு டவுனில் ஒரு வக்கீல் வீட்டில் டிரைவராக இருந்தார். ஸ்டேஷனில் வந்து இறங்குகிற யாத்திரைக்காரர்களைச் சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், கல்யாணத்துக்குச் சவாரி அடிக்க வேண்டும், ஒருத்தன் வீட்டு வாசலில் தொப்பியோடு நிற்கக் கூடாது. இதுதான் பேச்சு, எப்போது பார்த்தாலும். ஒரு தரகரிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த ஆள் மாசக்கணக்காக எதையும் காட்டவில்லை. சரியாகக் காப்பு கட்டின மறுநாள் வந்து, "வண்டி ரெடிங்க. நீங்க வரமுடியாதுன்னு தெரியும், அதுக்கின்னா, நானே உங்க எல்லைக்கு ஓட்டியாரேன்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். நான் அவருக்கு மோர் கரைத்து வேறு கொடுத்தேன்.

வண்டி வந்து எல்லைக்கல் பக்கத்தில் நின்றது. அன்றைக்குத்தான் அம்மனுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற நாள். குடம் குடமாக மஞ்சள் கரைத்து ரோட்டிலெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தோம். புது வண்டி வந்ததும் அதன் தலையிலும் ஒரு குடம் ஊற்றி, கற்பூரம் காட்டி, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டிக்கு அடியில் மஞ்சளாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. ஊற்றின தண்ணீர்தானே வடிகிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. வண்டிக்குள் குங்கிலியம் மணத்தது. கோயிலில் அப்போது வேளைக்கு வேளை குங்கிலியப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஊரே அந்த வாசனைதான். உங்கப்பா ஏறி உட்கார்ந்து எல்லைக்கல்லிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். வெறும் சமதரை. அதற்கு அப்பால் அவர் போகக் கூடாது. வண்டி குலுங்காமல், குரல் மாறாமல், அன்ன நடை போட்டு வந்தது. "சாமி குடுத்த வண்டிடி!" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஏரிப்பாய்ச்சல் கழனியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கினோம்.

காப்பு அவிழ்த்த பிறகுதான் வண்டி முதன்முதலாக எல்லையைத் தாண்டியது. செங்கம் பக்கம் ஒரு கல்யாணச் சவாரி. பெண்ணையும் பெண்ணின் அம்மாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பொம்பளைகளுக்குத் துணை என்று என்னையும் முன்னால் உட்கார வைத்தார். வெயில் ஏற ஏற வண்டிக்குள் அடுப்பங்கரை மாதிரி காய்ந்தது. ஒரு மேடு வந்தது பார், உங்கப்பா ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், இன்ஜின் ஓலமிடுகிறது, வண்டி நத்தை மாதிரி ஊர்கிறது. மயிர் கருகின மாதிரி ஒரு நாற்றம். மேட்டு நடுவில் வண்டி நின்றேவிட்டது. பானட்டிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. உங்கப்பா பதற்றத்தில் இறங்கி ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால் திறந்துவிட்டார். கொதிக்கிற தண்ணீர் பீச்சி அடித்து முழங்கையெல்லாம் வெந்துபோயிற்று. பின்னால் ஒரு கதவு உள்ளிருந்து திறக்காது, இன்னொரு கதவை அடைத்துக்கொண்டு சீர்ப்பெட்டி. மணப்பெண் பட்டுப் புடவையில் வேர்த்து ஊற்றிக்கொண்டு, "எப்ப போவோம்? முகூர்த்தம் போயிடுமே" என்று என்னையே கேட்கிறாள். உள்ளே நாலு பொம்பளைகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வைக்கோல் ஏற்றி வந்த ஒரு மாட்டு வண்டியில் வைக்கோலைத் தள்ளிவிட்டு அவர்களை ஏற்றி அனுப்பினோம். அந்தப் பெண்ணின் அம்மா போகும்போது உங்கப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டவுனில் ஒரு மெக்கானிக் வண்டியைப் பிரித்தார். ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க உள்ளே மஞ்சள்தூளைக் கொட்டியிருந்தார்கள். அது தடித்து அடையாகி, தண்ணீர் போகிற சந்துகளையெல்லாம் அடைத்துக் கிடந்தது. கிளச் தகடு தேய்ந்து வழவழவென்று இருந்ததால் அது வழுக்காமல் பிடிக்கக் குங்கிலியத்தை இடித்துத் தூவியிருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் பிடிக்கும், அப்புறம் கருகிவிடும். "இன்னாம்மா, ரேடியேட்டர்ல கொழம்பு கூட்டி வெச்சிருக்காங்க, தாளிக்கிறதுதான் பாக்கி" என்று சிரித்தார் மெக்கானிக். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. திருட்டு அப்பட்டமாகக் கண் முன்னால் மஞ்சளாகச் சொட்டியது, மூக்குக்குள் மணத்தது. வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் உங்கப்பா பிடித்திருப்பார். அம்மன் நாளில் மஞ்சளையும் குங்கிலியத்தையும் சந்தேகப்படத் தோன்றுமா? அந்தத் தரகருக்கு எங்களைவிட எங்கள் திருவிழா நன்றாகத் தெரிந்திருந்தது. நாசமாப் போறவன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான், ஆனால் வெளியிலிருந்து பார்த்தாய். உள்ளே நாங்கள் மாட்டிக்கொண்டிருந்தோம். கழனி போயிற்று, வக்கீல் வீட்டு வேலையும் போயிற்று, மிச்சம் இருந்தது வண்டி. அதை ஓட்டினால்தான் சோறு, ஓட்டினால் கொதிக்கும். அதனால் தண்ணீர்க் குடத்தோடு நானும் ஏறிக்கொண்டேன். போளூர் ரோட்டில் எந்தக் கிணற்றில் படிக்கட்டு இருக்கிறது, எந்த வீட்டுக்காரி முகம் சுளிக்காமல் தண்ணீர் தருவாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கார் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து "தண்ணி வண்டி வந்துடுச்சுடா" என்பார்கள். ஒரு கல்யாணம் காட்சிக்கு என்று நான் தனியாகப் போனதில்லை, அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினதில்லை. ஒரு தடவை அழுதுகொண்டே கேட்டேன், "இத எங்கயாவது தள்ளி உட்டுட்டு வந்துரக் கூடாதாங்க?" என்று. "எங்கடி தள்றது? தள்ளிக்கினு போற வரைக்கும் ஓடணுமே" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

விற்க ஒரு வழி வந்தது. ஒரு வருஷம் தீபத் திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர், பார்த்ததும் பிடித்துப்போய் வாங்குகிறேன் என்றார். நம் ஊரில் தெரியாதவர் யாரும் இல்லை, அவருக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாது. நான் உள்ளே போய் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். வெளியே வந்து பார்த்தால் உங்கப்பா பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஆளிடம், "இது இவ்ளோ தூரம்தாங்க ஓடும், அப்புறம் கொதிக்கும். மேடு ஏறாது. கிளச்ச மாத்துனாலும் உள்ள ஆயில் ஒழுவி மறுபடி வழுக்கும்" என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "நான் ஏமாந்தேன், அது என்னோட போவட்டும்டி" என்றார். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதில் கோபம்தான். ஆனால் நீ ஒரு வண்டிக்காரனாக ஆவதென்றால், அந்தக் கோபத்தோடு கூடவே இன்னொன்றும் சொல்கிறேன்: அப்படிப்பட்ட மனுஷனோடு நான் இவ்வளவு காலம் இருந்தேன் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. இதை அவரிடம் சொல்லிவிடாதே.

சரி, இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். நீ ஆசை ஆசையாக எழுதியிருப்பதை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். "நான் போகும்போதே இன்ஜின் கதகதவென்று இருந்தது, தொட்டதும் கிளம்பிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். கண்ணு, நீ வருவதற்கு முன்னால் ஏன் அதைக் காய வைத்தார்கள்? சூடாக இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது, திறந்தால் உங்கப்பா கை மாதிரி ஆகும். ஆறிக் கிடக்கிற வண்டியைத்தான் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து விரலை விட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார். துரு நிறமாக இருந்தால் உள்ளே அரித்திருக்கிறது, எண்ணெய்ப் படலம் மிதந்தால் இன்ஜின் ஆயில் அதில் கலக்கிறது. பிறகு ஸ்டார்ட் செய்துவிட்டு அந்த வாய் வழியாகவே பார். அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டே இருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீரைத் தடுத்து வைக்கிற கேஸ்கட் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் மோராடை மாதிரி வெளுப்பாக ஒட்டியிருக்கும். தண்ணீர் வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் குறைந்துகொண்டே போனால் அதுவும் இதுதான். நாங்கள் பிற்பாடு ரேடியேட்டரை மாற்றியும் வண்டி கொதித்தது இதனால்தான், கண்டுபிடிக்க ஒரு கோடைகாலம் பிடித்தது.

"ரேடியேட்டருக்குப் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்" என்றும் எழுதியிருக்கிறாய். அதை யாரடா பார்க்கப் போகிறார்கள்? எங்கே ஒழுகுகிறது என்று காட்டிக்கொடுக்கிற பாசிக் கறையை மூடத்தான் அந்த இடத்தில் பெயின்ட் அடிப்பார்கள். அதை விட்டுத்தள்ளு. வண்டி கொஞ்சம் ஓடி நின்றதும், ஃபேன் நின்ற பிறகு, ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்திப் பார். சூடு பரவலாக இருக்க வேண்டும். நடுவில் ஓர் இடம் சில்லென்று இருந்தால் அங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது. ஃபேன் பெல்ட்டையும் அழுத்திப் பார். தொளதொளவென்று தொங்கினால் சந்தோஷப்படு, அது சின்ன வியாதி, இறுக்கிவிட்டால் போயிற்று. கொதிக்கிற வண்டியெல்லாம் கெட்ட வண்டி இல்லை.

கிளச் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, காலை முக்கால்வாசி எடுத்த பிறகுதான் வண்டி நகர்கிறது, அதனால் குலுக்கலே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் இரண்டு தரம் படித்தேன். உங்கப்பாவும் அந்த இடத்தில்தான் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். கால் மேலே வந்த பிறகு பிடிக்கிற கிளச் தேய்ந்த கிளச்சாக இருக்கும். இல்லை, பெடலைச் சரியாக முறுக்கி வைக்காமலும் இருக்கலாம். எதுவென்று தெரிய ஒரு வழி இருக்கிறது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, டாப் கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டு கிளச்சை விடு. இன்ஜின் திணறி நின்றால் கிளச் பிடிக்கிறது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தரம் செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து இருக்கிறதையும் எரித்துவிடாதே. அப்புறம் கிளச்சை முழுசாக மிதித்து, கொஞ்சம் பொறுத்து ரிவர்ஸ் போடு. கறகறவென்று பல்லை அரைத்தால் அது வேறு வியாதி, கிளச் விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. இதற்கெல்லாம் மேலே, ஒரு மேட்டில் ஏற்று. ஆள் நிறைய உட்கார வைத்து, உச்சி வெயிலில் ஏற்று. சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் இறங்கி நடந்து வீட்டுக்குப் போய்விடு.

கடைசியாக எழுதியிருக்கிறாயே, "அப்பாவுக்குக் காப்பு கட்டியிருக்கிறது என்று சொன்னேன், அவர் மனசு வைத்து, ஆபீஸ் நாளில் நீ அலைய வேண்டாம், நானே உங்கள் ஊர் எல்லைக்கு ஓட்டிப் போய்க் காட்டுகிறேன் என்றார்" என்று. அன்றைக்குத் தரகரும் இதையேதான் சொன்னார். இந்த வேலூர்க்காரர் நிஜமாகவே நல்லவராக இருக்கலாம். நான் யாரையும் பார்க்காமல் பழி சொல்ல மாட்டேன். ஆனால் நீ கூட இல்லாமல் வேலூரிலிருந்து இங்கே வருகிற வழியில் எங்கே நிறுத்தினார், எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினார், எந்தப் புளியமரத்தடியில் ஆற விட்டார் என்று யாருக்குத் தெரியும்? வந்து எல்லைக்கல்லில் நின்றால், உங்கப்பா எவ்வளவு தூரம் ஓட்டுவார்? அதே ஏரிக்கரை, அதே சமதரை. அது தெரிந்தும் கொண்டுவரச் சொல்கிறார். ஏன் தெரியுமா? இந்தத் தடவை தான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. நல்ல வண்டியாக இருந்துவிட வேண்டும் என்று அதற்கு மேலே ஓர் ஆசை.

இவ்வளவும் எழுதி முடிக்கிறபோது, "படிச்சுக் காட்டு" என்றார்.

அவர் சொன்ன நாலு வார்த்தையைப் படித்துவிட்டு மடித்திருக்கலாம். முடியவில்லை. முதலிலிருந்து எழுதினது எழுதினபடியே படித்தேன். அவர் பேச்சை மீறி எழுதினதையும் படித்தேன், தரகரைத் திட்டினதையும் படித்தேன். அவரிடம் சொல்லாதே என்று உனக்கு எழுதின அந்தப் பெருமையைக்கூட விடவில்லை. அவர் கையில் இருக்கிற மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டே கேட்டார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"கொண்டாரச் சொல்லாத" என்றார். "நான் பாத்தா வாங்குன்னுதான் சொல்லுவேன்."

"பின்ன யாருங்க பாக்குறது? அவனுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?"

"நீ போ."

"நானா! நல்லா இருக்குதே. நான் என்னிக்கு வேலூருக்குத் தனியா போயிருக்கேன்? உங்களுக்கு யாரு சோறாக்குறது?"

"ஒரு வேளை சோறுதானே, நானே பொங்கிக்கிறேன். அந்த வண்டியில என்னவிட ஜாஸ்தி கஷ்டப்பட்டவ நீதான். மொத பஸ்ல போ. விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடு."

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மடியில் தண்ணீர்க் குடம் இல்லாமல், கொதித்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொள்ளாமல், நான் பாட்டுக்கு ஒரு ஊருக்குப் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு இந்த வயசில் வந்த ஆசையைப் பார்.

ஆகவே வியாழக்கிழமை வருகிறேன். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். அரை நாள் லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே அந்த மனிதர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றுகொள். மரியாதையாகப் பேசு, ஆனால் நான் வந்து சேருகிற வரைக்கும் யாரையும் ஸ்டார்ட் செய்ய விடாதே. சரோஜாவையும் கூட்டிக்கொண்டு வா, மேடு ஏற ஆள் வேண்டும். அதோடு, அவள் வாழ்க்கையும் இதில்தானே இருக்கிறது, அவளும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

ஒன்று மட்டும் உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கப்பாவுக்கு அந்த வண்டி நல்லதாக இருக்க வேண்டும் என்று ஆசை. எனக்கு அது கெட்டதாக இருக்க வேண்டும் என்று ஆசை. நீ அந்த ஆபீசிலேயே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும், மாசம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும், சரோஜா யார் வீட்டு வாசலிலும் தண்ணீருக்கு நிற்கக் கூடாது என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது. நீ அங்கே எப்படி மூச்சு முட்டிக் கிடக்கிறாய் என்று எழுதியிருந்ததையும் படித்தேன். படித்துவிட்டு, படிக்காத மாதிரி அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். அதனால் வியாழக்கிழமை என் முகத்தைப் பார்க்காதே. இன்ஜின் சத்தத்தைக் கேள், தண்ணீரைப் பார், மேட்டில் ஏற்றிப் பார். அது ஏறாவிட்டால் நான் சந்தோஷத்தை மறைத்துக்கொள்ளப் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே. நல்லபடியாக ஏறிவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். நான் அழுதாலும் நீ வாங்கிக்கொள்.